ஊடுகதிர்ப் படமும் உழைச்செல்வோரும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தைப் பயின்றோர், அதன் இறுதிக் குறளில் வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்திருத்தலை அறிவர். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றும் எவரும் எதிர்பார்ப்பன. நான்காவதாக அவர் நிறுத்துவது, அருகிருந்து மருந்தை ஊட்டும் 'உழைச்செல்வான்' என்பானை. இக்காலத்தில் தாதி என வழங்கப்படுபவர் அவரே. சரகர், சுச்ருதர் முதலிய வடமொழி மருத்துவ ஆசிரியரும் மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் கூறித் தாதிக்கு அவற்றுள் ஒன்றை அளித்தனர். பரிமேலழகர் உழைச்செல்வானுக்கு நான்கு இலக்கணம் உரைப்பர். நோயாளிமீது அன்புடைமை, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பன அவை.

இவற்றுள் பின்னிரண்டும் ஒன்றோடொன்று முரணாதவரை தொல்லை யாதுமில்லை. சொல்லப்பட்டது ஒன்றாகவும், தன் அறிவு கண்டது வேறொன்றாகவும் இருப்பின் உழைச்செல்வார் யாது செய்வது? உரையில் இதற்கு விடை இல்லை. இவ்வினா எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில், மாணவன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற வேளையில் தோன்றியது.

எமது பாடசாலைக்கு மேலேயுள்ள தோட்டத்தின் ஏழாந் தரச் சிறுவன் அவன். பலா மரத்திலிருந்து விழுந்தான். தந்தை மாணிக்கக் குழியில். தாய் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். தாயை வரவழைத்தபோதும் அவளுக்குச் சிங்களம் போதாமையால் நானும் முச்சக்கர வண்டியில் உடன் சென்றேன். தோட்டப்புறத்துப் பாடசாலை ஆசிரியன் ஒருவனுக்குப் பாடஞ் சொல்லுதலோடு மனு எழுதுதலும், கடிதம் வாசித்தலும், வைத்தியசாலையில் மொழிபெயர்த்தலும் தொழிலென்பதை இப்பகுதியார் அறிவர்.

முன்கையைப் படம் பிடித்தார்கள். இளம் வைத்தியர் ஒருவர் அதனை வெளிச்சத்தில் பிடித்து நோக்கி, முன்கையின் ஓர் எலும்பு முறிந்திருக்கிறது, மாக்கட்டுப் போடவேண்டும் என்றார். முறிவு எனக்குங்கூடத் தெரிந்தது. அப்போது அருகே நின்ற தாதி, நடுத்தர வயதினர், என்னிடம் சிங்களத்தில், "பிள்ளைக்கு எங்கே கூட நோகிறது என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். சிறுவன் முறிந்த இடத்தைக் காட்டவில்லை. முழங்கையின் வெளிப்புறத்தைத் தொட்டு, "இங்கேதான் சேர் கூட வலிக்குது" என்றான். தாதி வைத்தியரிடம் திரும்பி மிக மெதுவாக, "டொக்டர், முழங்கையிலும் நோவாம். முழங்கைக்குத் தனியாக ஒரு படம் வேண்டுமோ?" என்றார். வைத்தியர் ஒரு கணம் நின்றார். பின் சீட்டை வாங்கி எழுதினார். இரண்டாவது படத்தில், மற்றை எலும்பின் தலை மூட்டைவிட்டு விலகியிருந்தது.

அன்று அத்தாதி கண்டது யாது, எவ்வாறு கண்டார் என்பதை அறியும் அவாவினால் பின்னாளில் சில நூல்களைத் தேடிப் படித்தேன். என்னிடம் பயின்று இன்று தாதியாகப் பணிபுரியும் மாணவி ஒருவர் பல ஐயங்களைத் தீர்த்தார். யான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்றவனல்லேன். ஆகவே கற்றோர்க்குப் புதிதாக எதுவும் ஈண்டுக் கூறப்படவில்லை. என்னைப் போன்றோர்க்கு விளங்குமளவில் கூறுகின்றேன்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜேர்மனியின் வூட்ஸ்பேர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் றொண்ட்ஜன் என்னும் பேராசிரியர் ஒரு புதிய கதிரைக் கண்டார். இன்னதென அறியாப் பொருளைக் கணிதத்தார் எக்ஸ் எனக் குறிக்கும் முறைபற்றி அதற்கு எக்ஸ்-கதிர் எனப் பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் தம் மனைவியாரின் கையை அவர் பிடித்த படத்தில் விரலெலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. பௌதிகத்துக்கான முதலாவது நோபெல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது.

இப்படத்தைப் புகைப்படம் எனக் கருதுதல் தவறு. அது நிழல். சுவரில் விழும் கைநிழலைச் சிறுவர் மானாகவும் நாயாகவும் காட்டுவரன்றோ? ஒளிக்குக் கையின் உட்பகுதி தடை. ஊடுகதிர்க்கோ தசை சிறு தடை, சுண்ணாம்புச் சத்துள்ள எலும்பு பெருந் தடை. கதிர் தடையின்றிச் சென்ற இடம் கறுப்பாகவும், தடைப்பட்ட இடம் வெண்மையாகவும் படத்தில் விழும். காற்று கருமை, கொழுப்பு இருண்ட சாம்பல், தசையும் குருதியும் இளஞ் சாம்பல், எலும்பு வெண்மை, உலோகம் முழு வெண்மை. இவ்வைந்து நிறங்களே இம்மொழியின் எழுத்துக்கள் எனலாம்.

நிழல் என்பதனாலேயே இடர் தோன்றுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு பொருள்கள் நிழலில் ஒன்றாகிவிடும். நேரே பார்க்கையில் இணைந்ததுபோல் தோன்றும் எலும்பு, பக்கவாட்டில் பார்க்கையில் ஒரு விரற்கடை விலகி நிற்கும். ஆதலின் ஒரு கோணத்தில் எடுத்த படத்தைக்கொண்டு முடிவு கூறலாகாது, ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு படங்களேனும் வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி. நீண்ட எலும்பு முறிந்தால் அதன் மேல்மூட்டும் கீழ்மூட்டும் படத்துள் அடங்கவேண்டும் என்பது இரண்டாவது விதி. எமது சிறுவனின் முதற்படத்தில் முழங்கை ஓரத்தில் அரைகுறையாகவே விழுந்திருந்தது.

முன்கையில் ஆரை, அரந்தி என இரு எலும்புகள் உள. இவை மேலும் கீழும் மூட்டுக்களாலும், இடையே ஒரு சவ்வினாலும் பிணைக்கப்பட்டு ஒரு வளையம்போல் அமைந்தன. வளையத்தை ஓரிடத்தில் மட்டும் உடைத்தல் அரிது. ஐயமுளதேல் தீபாவளி முறுக்கொன்றை எடுத்து ஓரிடத்தில் மட்டும் உடைத்துப் பார்க்க! எனவே ஓரெலும்பு முறிந்து விலகியிருப்பின், மற்றையது எங்கோ முறிந்தோ மூட்டு நழுவியோ இருத்தல் கூடும் எனத் தேடவேண்டும். அரந்தி முறிய ஆரையின் தலை முழங்கையில் நழுவும் இக்கேட்டினை 1814ஆம் ஆண்டில் மிலான் நகரச் சத்திரவைத்தியர் மொன்ரேஜியா விவரித்தார். வியப்பு யாதெனில், மணிக்கட்டருகே ஆரை முறிந்து கை முட்கரண்டிபோல் வளையும் முறிவினை டப்ளின் நகர ஆபிரகாம் கொல்லிஸ் என்பார் விவரித்ததும் அதே 1814இல்தான். ஊடுகதிர் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன், விரலின் தொடுகையையும் கண்ணின் கூர்மையையும் மட்டுமே கொண்டு இவர்கள் கண்டவை இன்றும் அவர்தம் பெயராலேயே வழங்குகின்றன. மழைக்காலத்தில் வழுக்கும் மலைப்பாதையில் விழுந்து கையை ஊன்றும் வயது சென்ற பெண்களுக்கு நேர்வது பெரும்பாலும் கொல்லிசின் முறிவே.

நழுவலைக் கண்டறியும் வழியோ மிக எளிது. ஆரை எலும்பின் நடுவே ஒரு கோடு இழுத்து முழங்கைப் பக்கமாக நீட்டுக. அக்கோடு மேற்கை எலும்பின் நுனியிலுள்ள சிறு குமிழைச் சந்திக்கவேண்டும். எக்கோணத்தில் எடுத்த படமாயினும் இது பொருந்தும். சந்திக்காது ஒதுங்கிச் செல்லுமாயின் ஆரைத் தலை இடம் பெயர்ந்துள்ளது. அடிமட்டம் ஒன்றால் எட்டாந் தர மாணவனும் இழுக்கக்கூடிய கோடு இது. அப்படியாயின் கற்றோர் இதனைத் தவறவிடுவது எங்ஙனம்? தேடியது ஒன்று கிடைத்ததும் மனம் தேடுதலை நிறுத்திவிடும் இயல்பினதாதலால். முதல் முறிவு பளிச்செனக் கண்ணிற் படுகிறது, கண் நிறைவடைகிறது, இரண்டாவது கேடு மறைந்துகொள்கிறது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு இது புதுமையன்று. ஒரு வரியில் பெரும் பிழையொன்றைச் சுழித்தபின் அதே வரியின் சிறு பிழை தப்பிப்போதலை நானே பன்முறை கண்டுள்ளேன்.

சிறு வயதினரின் முழங்கை இன்னும் சிக்கலானது. அங்கே ஆறு எலும்பு முளைகள் ஏறத்தாழ ஒரு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஒழுங்குமுறையாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அவற்றுக்கிடையேயுள்ள குருத்தெலும்பு படத்தில் விழாமையால் கருங்கோடாகத் தெரியும். அறியாதார் அதனை முறிவு எனக் கொள்வர். மெய்யான முறிவை வளர்ச்சிக் கோடு எனத் தள்ளுவதும் உண்டு. எலும்பில் யாதும் தெரியாவிடினும், மூட்டினுள் குருதி கசிந்தால் அங்குள்ள கொழுப்பு மேலே தள்ளப்பட்டுப் பாய்மரம்போல் ஒரு கருநிழல் எழும். அந்நிழல் இருப்பின் முறிவு ஒளிந்துள்ளது எனக் கருதிக் கையை அசையாது வைப்பர். வெண்மையை மட்டும் தேடுவோர்க்குச் சாம்பலிலும் கருமையிலும் எழுதப்பட்டவை புலப்படா.

படமே பொய் சொல்லும் இடமும் உண்டு. மணிக்கட்டில் ஓடம்போன்ற வடிவுடைய சிற்றெலும்பொன்று உளது. ஓடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதனை ஸ்கபொயிட் என்பர். அது முறிந்தால் முதல் நாட் படத்தில் ஒன்றும் தெரியாதிருத்தல் கூடும். பெருவிரலின் அடியிலுள்ள குழியை அழுத்தும்போது நோவு இருப்பின், படம் நன்றாயிருப்பினும் கையைக் கட்டிவைத்து, பத்துப் பதினான்கு நாளின்பின் மீண்டும் படம் எடுக்கவேண்டும். இவ்வெலும்புக்குக் குருதி விரற்பக்கமிருந்து பின்னோக்கிப் பாய்வதால், இடையில் முறிந்தால் பின்பாதி குருதியின்றி மடிதல் கூடும். இதனை நான் நூலில் படித்து அறிந்தது பிந்தியே. இருபத்திரண்டாம் வயதில், புறநிலைப் பட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த காலத்தில், பாசி படிந்த படிக்கட்டில் விழுந்து வலக்கையை ஊன்றினேன். ஒரு வைத்தியசாலையில் படம் எடுத்தார்கள். "ஒன்றுமில்லை" என்றார்கள். மீண்டும் வருமாறு எவரும் கூறவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இன்றும் கரும்பலகையில் இரண்டு பாடவேளை தொடர்ந்து எழுதினால், மூன்றாவது பாடத்தை வாய்மொழியாகவே நடத்துகின்றேன். யாரையும் குறைகூற இதனை எழுதவில்லை. "பத்து நாள் கழித்து வா" என்னும் நான்கு சொற்களை வைத்தியர் மறந்தால் தாதி கூறலாம், தாதி மறந்தால் படம் பிடித்தவர் கூறலாம் என்னும் ஏற்பாடு அன்று இருந்திருப்பின் என் கை வேறாயிருக்கும் என்பதற்காகவே எழுதுகின்றேன்.

இனி, தாதியர் இப்படங்களை வாசித்தல் தகுமா என்னும் வினாவுக்கு வருவோம்.

ஊடுகதிரோடு மகளிர்க்குள்ள தொடர்பு பழையது. முதலாம் உலகப் போரின்போது மேரி கியூரி அம்மையார், 1916 முதல் ஏறத்தாழ நூற்றைம்பது பெண்களுக்குக் கதிர்க்கருவிப் பயிற்சியளித்துப் பிரான்சின் போர்க்கள வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார். ஆயினும் படத்தைப் பிடிப்பது ஒன்று, அதன் பொருளுரைப்பது மற்றொன்று என்ற வரம்பு பின்னர் இறுகிற்று. அவ்வரம்பை அசைத்த நாடு இங்கிலாந்து. அங்கு 1971இல் சுவின்பேர்ண் என்னும் கதிரியக்க வைத்திய நிபுணர், இயல்பான படத்தையும் இயல்பற்ற படத்தையும் பிரித்துக் கூறும் பணியைக் கதிர்ப்படப் பிடிப்பாளர்க்கு அளிக்கலாமே என 'லான்செற்' இதழில் எழுதினார். பின் இலண்டனின் வடமேற்கிலுள்ள நோத்விக் பார்க் வைத்தியசாலையினர் எளிய முறையொன்றைக் கையாண்டு, 1985இல் அதன் பயனை வெளியிட்டனர். படம் பிடிப்பவருக்கு ஏதேனும் கேடு தென்பட்டால் படத்தின் மூலையில் ஒரு செம்புள்ளி ஒட்டிவிடுவார். அவ்வளவே. இரவில் தனித்து நிற்கும் இளம் வைத்தியர் செம்புள்ளியைக் கண்டதும் இருமுறை நோக்குவார். ஒரு புள்ளி எத்தனை கைகளைக் காத்திருக்கும்! ஆயின் அதற்கும் குறையுண்டு. புள்ளி இல்லாமை 'கேடில்லை' என்பதைக் குறிக்கிறதா, 'நான் பார்க்கவில்லை' என்பதைக் குறிக்கிறதா என்பது விளங்காது. எங்கே, என்ன என்றும் அது சொல்லாது. எனவே பிற்காலத்தில் புள்ளிக்குப் பதிலாகச் சில சொற்களில் குறிப்பெழுதும் வழக்கம் வளர்ந்தது.

தாதியரின் முறை அடுத்து வந்தது. 1980களிலிருந்து இங்கிலாந்தின் விபத்துப் பிரிவுகளில், மேற்பயிற்சி பெற்ற தாதியர் சிறு காயங்களைத் தாமே சோதித்து, படம் எழுதிக் கேட்டு, அதனை வாசித்து, கட்டுப்போட்டு அனுப்பும் முறை பரவிற்று. இது பாதுகாப்பானதா எனப் பலர் ஐயுற்றனர். ஐயத்தைத் தீர்க்க ஷெபீல்ட் நகரில் ஒரு சோதனை நடைபெற்றது; அதன் முடிவு 1999இல் 'லான்செற்' இதழில் வெளிவந்தது. சிறு காயங்களுடன் வந்த 1,453 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, 704 பேரைத் தாதியரும் 749 பேரை இளநிலை வைத்தியரும் பார்த்தனர். பின்னர் ஒவ்வொருவரையும் அனுபவமிக்க வைத்தியர் ஒருவர் மீண்டும் சோதித்தார். முக்கியமான தவறு தாதியர் பார்த்தோரில் 65 பேருக்கும், அஃதாவது 100க்கு 9.2 வீதம், வைத்தியர் பார்த்தோரில் 80 பேருக்கும், அஃதாவது 10.7 வீதம், நேர்ந்திருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் ஏற்படக்கூடிய அளவினதே. ஊடுகதிர்ப் படங்களை வாசிப்பதில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரு நிலையினரே எனக் காணப்பட்டது. நோயாளி கூறியதைக் கேட்டு எழுதிவைப்பதில் தாதியர் மேம்பட்டிருந்தனர்.

இதனைக் கொண்டு தாதியர் வைத்தியரினும் வல்லர் எனப் பறைசாற்றுதல் பேதைமை. ஒப்பிடப்பட்டவர் பயிற்சி முடித்துச் சில காலமே சென்ற இளம் வைத்தியர். கதிரியக்க நிபுணர் அல்லர். ஆராயப்பட்டவையும் கணுக்கால், மணிக்கட்டு முதலிய சிறு காயங்களே. மேலும் அத்தாதியர் விபத்துப் பிரிவில் நெடுநாட் பழகி, தனிப் பயிற்சியும் பெற்றவர். நான் இதில் காணும் உண்மை வேறு. பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதோவொரு தவறு இரு சாராரிடமும் நேர்ந்துள்ளது. கற்றவர் ஒருவரின் ஒரே நோக்கை நம்பியிருத்தலே ஆபத்து. நோக்குபவர் பட்டம் யாதாயினும் ஆகுக. எனவேதான் அந்நாட்டில் தாதியின் வாசிப்பு முதல் வாசிப்பாகவே கொள்ளப்படுகிறது. பின்னர் கதிரியக்க நிபுணர் அப்படத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். இருவர் கூற்றும் மாறுபடின் நோயாளியை மீண்டும் அழைப்பர். கதிர்வீச்சு தொடர்பாக அங்கு 2000இலும் 2017இலும் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், யார் படம் கேட்கலாம், யார் அதனை ஏற்கலாம், யார் கருவியை இயக்கலாம் என வரையறுப்பதுடன், எடுக்கப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் ஒருவர் பொருள் கண்டு எழுதிவைத்தாக வேண்டும் எனவும் விதிக்கின்றன. எடுத்த படத்தை எவரும் பாராது விடுதல் நோயாளியை வீணே கதிருக்கு உட்படுத்துதலாகும். (கதிரை எண்ணி அஞ்சுவோர் நம்மிடையே பலராதலின் இதனையும் கூறிவிடுகின்றேன். மார்புப் படம் ஒன்றினால் உடல் பெறும் கதிர் ஏறத்தாழ 0.02 மில்லிசீவேட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் யாவரும் ஓராண்டில் பெறுவது, உலகச் சராசரியாக, 2.4 மில்லிசீவேட்.)

வாசித்தல் என்பது முறிவைத் தேடுதல் மட்டுமன்று. படம் இந்நோயாளியினது தானா, வலமா இடமா, இன்றெடுத்ததா என்பதைப் பார்த்தலே முதற்படி. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் நால்வர் ஐவர் இருக்கும் எம் பகுதியில் இதனைச் சிறுசெயல் என எண்ணற்க. பின்னர் வேண்டிய பகுதி முழுதும் விழுந்துள்ளதா என நோக்கவேண்டும். கித்துல் மரத்திலிருந்து விழுந்தவரின் கழுத்துப் படத்தில் கழுத்து முள்ளெலும்புகள் ஏழும், அவற்றின்கீழ் முதலாவது மார்பு முள்ளெலும்பும் தெரியாவிட்டால், அப்படத்தைக் கொண்டு கழுத்து நலம் எனக் கூறுதற்கில்லை. இவையனைத்தையும் நோயாளியின் அருகே நிற்கும் தாதி எவரினும் முன்னே காணக்கூடியவர். படத்துக்குக் காத்திராமையே அறிவாகும் வேளையும் உண்டு. மார்பில் அடிபட்டு, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைபட்டு, மூச்சுத் திணறிக் குருதியழுத்தம் வீழ்பவரைப் படம் பிடிக்க அனுப்பினால் வழியிலேயே உயிர் பிரியக்கூடும். அங்கே தாதி வாசிக்கவேண்டியது படத்தையன்று, ஆளை.

இனி நம் நாட்டு நிலை. ஊடுகதிர்ப் படம் எழுதிக் கேட்பதும் அதன் பொருளை உரைத்துச் சிகிச்சை விதிப்பதும் இங்கு வைத்தியரின் பொறுப்பு. தாதி உத்தியோகத்தர் கண்டதைக் கூறத் தடையேதும் இல்லையெனினும், கூறுதல் எளிதன்று. 1967இல் அமெரிக்க உளமருத்துவர் லெனாட் ஸ்ரைன் என்பார் இதனை ஒரு விளையாட்டு என வருணித்தார். தாதி தன் கருத்தைக் கருத்தெனக் காட்டாது குறிப்பாகச் சொல்லவேண்டும். வைத்தியர் அதனை ஏற்றுத் தம் கருத்துப்போல் ஆணையிடவேண்டும். இருவரும் வெளிப்படையாக முரணலாகாது. என் சிறுவனின் அருகே நின்ற தாதி, "தலை நழுவியுள்ளது" எனக் கூறவில்லை. "முழங்கைக்குத் தனியாக ஒரு படம் வேண்டுமோ?" என வினாவாக்கினார். அவ்வைத்தியர் நல்லவர், ஏற்றார். ஏலாத ஒருவராயின்? அன்றி, வினாவாக மாற்றும் நயம் அறியாத இளந்தாதியாயின்? ஒருவர் கையின் நலம் இத்தகைய நயத்தில் தொங்குதல் முறையன்று என்பது என் கருத்து.

எம் தோட்டங்களில் இது புதிய வினாவுமன்று. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் வழியே வேரூன்றிய தோட்ட மருத்துவ ஏற்பாட்டில், தொழிலாளர் பெரும்பாலும் கண்டது வைத்தியரையன்று. தோட்ட மருந்துச்சாலையின் வைத்திய உதவியாளரையும் மருத்துவமாதையுமே. முழுப் பட்டம் பெறாத அவர்கள்தாம் எவரை மருந்து கொடுத்து லயத்துக்கு அனுப்புவது, எவரைக் கொழுந்து லொறியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவது எனத் தீர்மானித்தனர். அறிவு ஒருவரிடமும் அதிகாரம் ஒருவரிடமும் இருத்தல் எமக்குப் பழக்கமானதே. இன்று 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரந்த 1990 நோயாளர் வண்டிச் சேவை உளது. இரத்தினபுரியில் போதனா வைத்தியசாலையும் உளது. தூரம் குறைந்தது. மொழியின் தூரம் அவ்வளவு குறையவில்லை.

இதனையே ஈண்டுச் சற்று அழுத்திக் கூற விரும்புகின்றேன். ஊடுகதிர்ப் படம் மொழியற்றது என நினைத்தல் பிழை. எவ்வாறு விழுந்தான், எந்தக் கையை ஊன்றினான், எங்கே நோகிறது, எப்போதிலிருந்து என்பவற்றை அறியாது படத்தை நோக்குவோன் பாதியைத்தான் நோக்குகின்றான். படங்கேட்கும் சீட்டில் 'விழுந்தது' என்று மட்டும் எழுதுவதற்கும், 'விரித்த கையை ஊன்றி விழுந்தது, முழங்கையின் வெளிப்புறம் நோவு' என எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு, கைநோகிறதா கைபோகிறதா என்னும் வேறுபாடாகலாம். நோவினைக் கூறும் சொற்கள் எம்மவரிடம் எத்தனை! குத்துகிறது, கடுக்கிறது, வலிக்கிறது, விறைக்கிறது, எரிகிறது, இழுக்கிறது. கை விறைக்கிறது என ஒருவர் கூறுவது நரம்பு நசுங்கியமையைக் குறிக்கக்கூடும். 'நோகிறதாம்' என ஒரே சொல்லில் மொழிபெயர்த்து அதனை விழுங்கிவிட்ட குற்றம் என்னிடமும் உண்டு. அச்சிங்களத் தாதி தமிழறியார். ஆயினும் 'கேளுங்கள்' என்றார். அன்று சரியான வினாவை அவர் கேட்டிராவிடின் சரியான விடையை நான் மொழிபெயர்த்திருக்க முடியாது.

தமிழில் இத்துறையைச் சொல்லவியலாது என்போர்க்கு மானிப்பாய் கிறீன் வைத்தியரை நினைவூட்டலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர், 1860களில் தம் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம் முதலியவற்றைத் தமிழில் நூலாக்கினார். ஊடுகதிர் தோன்றுமுன்னரே எலும்புகளுக்கும் மூட்டுக்களுக்கும் எம்மொழியில் பாடம் நடந்தது. எம் மாணவியர் தாதியர் பயிற்சிக்குச் செல்லுங்கால் சிங்களமும் ஆங்கிலமும் நன்கு கற்றல் இன்றியமையாதது. அங்கு சென்று தமிழை மறவாதிருத்தல் அதனினும் சிறிது இன்றியமையாதது எனக் கூறுவேன். எம் பகுதி விபத்துப் பிரிவு ஒவ்வொன்றிலும் இருமொழியும் அறிந்த தாதி ஒருவர் இரவிலும் பகலிலும் இருப்பாராயின், என் போன்றோர் முச்சக்கர வண்டியில் ஓடவேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் கணினியே படத்தை வாசிக்கும் நிலை வந்துள்ளது. காசநோயைத் தேடும் மார்புப் படங்களில், பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடையோர்க்கு, மனிதர் வாசிப்புக்குப் பதிலாகக் கணினி வாசிப்பைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. எலும்பு முறிவுக்கும் அத்தகைய கருவிகள் வந்துள்ளன. வரட்டும். ஆயினும் முழங்கை பாதியளவே விழுந்த படத்தைப் பார்த்து, 'பிள்ளையிடம் கேளுங்கள்' எனத் திரும்பி ஆசிரியனிடம் சொல்ல அதற்கு இயலுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

தாதியர்க்கு அதிகாரம் அளிக்கும் சட்டம் நாளையே வேண்டும் என நான் வாதிடவில்லை. பயிற்சியின்றி அளிக்கும் அதிகாரம் தாதிக்கும் தீங்கு, நோயாளிக்கும் தீங்கு. செலவற்ற சில இப்போதே கூடும். படத்தில் ஐயங்கண்ட தாதியோ படம் பிடித்தவரோ அதனை ஒரு வரியில் நோயாளியின் சீட்டில் எழுதிக் கையொப்பமிடலாம்; அதனைப் பார்த்தேன் என வைத்தியரும் ஒப்பமிடலாம். 'எத்தனை நாளில் மீண்டும் வரவேண்டும்' என்பதை நோயாளியின் மொழியில் எழுதிக் கொடுக்கலாம். நோயாளியோடு செல்வோரும் வாளாவிராது, "முழுப் பகுதியும் படத்தில் விழுந்திருக்கிறதா? நோவு மாறாவிட்டால் எப்போது வரவேண்டும்?" எனப் பணிவோடு கேட்கலாம். இவ்விரு வினாக்களையும் என் வகுப்பு மாணவர்க்குச் சிங்களத்திலும் தமிழிலும் மனனஞ் செய்வித்துள்ளேன்.

சிறுவனைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அன்றிரவே அரந்தியை நேராக்கினர். ஆரைத் தலையும் தன்னிடம் சேர்ந்தது. சில வாரம் சென்றிருப்பின் கடினமான சத்திரசிகிச்சை தேவைப்பட்டிருக்கும் என எலும்பு வைத்தியர் தாயிடம் கூறியதையும் நானே மொழிபெயர்த்தேன். "அந்த மிஸ் பேர் என்னங்க சேர்?" எனத் தாய் கேட்டாள். கேட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை. கட்டு அவிழ்க்கும் நாளில் முதல் வைத்தியசாலைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் சென்று விசாரித்தோம். அவர் வேறு வைத்தியசாலைக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார் என்றார்கள்.